தீவு வளவில் தண்ணீர்: குளம் எதற்கு, கிணறு எவ்வளவுக்கு?

கச்சதீவு ஏறக்குறைய 285 ஏக்கர், அதாவது ஒரு சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேல். அங்கே நம்பிக் குடிக்க நன்னீர் இல்லை, குடியிருப்பும் இல்லை. அதே கடலில் சற்று வடக்கே இருக்கும் நெடுந்தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். அங்கே சில ஆயிரம் பேர் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். மாட்டு மந்தைகளும், அந்நியர் ஆட்சிக் காலத்திலிருந்து பெருகிய குதிரைகளும் அங்கே மேய்கின்றன. இரண்டு தீவுகளுக்கும் வருவது ஒரே மாரி. பிறகு ஏன் ஒன்றில் கிணறு உண்டு, மற்றதில் இல்லை? பெருமளவுக்கு நிலத்தின் அகலமே காரணம். தீவில் தண்ணீரைத் தாங்குவது நிலத்துக்குக் கீழே இருக்கும் ஒன்று. அதைப் புரிந்துகொள்ளாமல் குளம் வெட்டினாலும் கிணறு தோண்டினாலும் காசும் தண்ணீரும் சேர்ந்தே போகும்.

வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைநகர், மண்டைதீவு, நெடுந்தீவு என்று, யாழ்ப்பாணக் குடாநாட்டை ஒட்டி நாம் தீவகம் என்று அழைக்கும் பகுதி முழுவதும் பெரும்பாலும் சுண்ணக்கல்லின் மேல் படிந்த மெல்லிய மண். சில இடங்களில் மணல், சில இடங்களில் களி, தாழ்ந்த பக்கங்களில் உவர்த் தரவை. ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மூன்று மாதத்துக்குள் கொட்டி முடிந்துவிடும். பிறகு சித்திரையில் இடியோடு இரண்டொரு மழை. அதன்பின் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று எழும்பி வீசத் தொடங்கினால் புரட்டாதி கழியும்வரை வானத்தை நம்ப முடியாது. எட்டு மாதம் தாக்குப்பிடிக்க வேண்டிய தண்ணீரை மூன்று மாதத்தில் பிடித்துவைக்க வேண்டும். தீவு வளவின் கணக்கு எல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

நிலத்துக்குள் இறங்கும் மழைநீர் சுண்ணக்கல்லின் துளைகளிலும் வெடிப்புகளிலும் சேர்கிறது. அதற்குக் கீழே கடல்நீர் நிலத்தின் நான்கு பக்கத்திலிருந்தும் ஊடுருவி நிற்கிறது. கடல்நீர் நன்னீரைவிடச் சற்றுக் கனமானது. நன்னீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் கடல்நீருடையது ஏறக்குறைய 1.025. இந்தச் சிறு வேறுபாட்டால் நன்னீர் உப்புநீரின்மேல் தெப்பம்போல் மிதக்கிறது. தீவின் நடுப்பகுதியில் தடித்தும் கரையை நோக்கி மெலிந்தும் அது கிடக்கும். ஒல்லாந்தப் பொறியியலாளர் படோன் கைபன் 1888 இலும், ஜெர்மனியரான ஹெர்ஸ்பெர்க் 1901 இலும் தனித்தனியே இதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நிலத்தடி நன்னீர் 1 மீற்றர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது அந்தக் கணக்கு.

கேட்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் நம் தீவுகளில் கிணற்று நீர்மட்டம் கடல் மட்டத்தைவிட ஒரு மீற்றர் உயர்ந்து நிற்பதே அரிது. கோடையில் 30 சென்ரிமீற்றர் நின்றால், கணக்குப்படி கீழே 12 மீற்றர் நன்னீர் இருக்க வேண்டும். உண்மையில் அதுவும் இருக்காது. நன்னீருக்கும் உப்புநீருக்கும் இடையே கோடு கிழித்ததுபோன்ற எல்லை கிடையாது. கடலின் வற்றும் பெருக்கும் தினமும் அந்த எல்லையை அசைத்து, சவர்த்தண்ணீர்ப் பட்டை ஒன்றை உண்டாக்கிவிடுகின்றன. மெலிந்த தீவுகளில் அந்தப் பட்டையே பெரும்பகுதியைத் தின்றுவிடும். குடாநாட்டில் புத்தூருக்கு அருகே உள்ள நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கண்ட சாட்சி. மேலே நன்னீர், ஆழத்துக்குப் போகப் போக உப்பு.

40 என்ற எண் கீழ்நோக்கி மட்டும் வேலை செய்வதில்லை. கிணற்றிலிருந்து இறைத்து நீர்மட்டத்தை 10 சென்ரிமீற்றர் தாழ்த்தி அப்படியே வைத்திருந்தால், அடியில் உள்ள உப்புநீர் 4 மீற்றர் வரை மேலெழும்பப் பார்க்கும். கிணற்றுக்கு நேர்கீழே கூம்பு வடிவில் அது உயரும். எழும்ப நாளாகும், இறங்க அதைவிடக் கூடுதல் நாளாகும். உப்பு கலப்பதற்குக் கொஞ்சம்தான் வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 19,000 மில்லிகிராம் குளோரைட், அதாவது உப்பின் ஒரு கூறு, இருக்கிறது. லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினாலே நாக்குக்குச் சவர் தெரியத் தொடங்கும். நூறு வாளி நன்னீரில் இரண்டு வாளி கடல்நீர் கலந்தால் அது ஏறக்குறைய 370 ஆகிவிடுகிறது. ஒரு கிணறு கெடுவதற்கு அந்த இரண்டு வாளி போதும்.

ஆகவே, தண்ணீர் குறைந்தால் ஆழப்படுத்து என்று பிற ஊர்களில் சொல்லும் அறிவுரையை இங்கே எடுக்கக்கூடாது. தீவில் ஆழம் உப்பை நோக்கித்தான் போகும். குழாய்க்கிணறு அடிக்க ஆள் கூப்பிடுவோருக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்: துளை இறங்க இறங்கத் தண்ணீர் கூடுவது உண்மைதான், ஆனால் அது நன்னீராக இராது. பழைய தீவகத்துக் கட்டுக்கிணறுகள் ஆழம் குறைவாகவும் வாய் அகலமாகவும் இருப்பதற்கும், மணற்பாங்கான இடங்களில் துரவு என்னும் ஆழமற்ற குழி வெட்டி அள்ளியதற்கும் வசதிக் குறைவு மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. மேல்மட்டத்து நன்னீரை மெல்ல வழித்தெடுக்கும் முறை அது. துலாவால் இறைக்கும்போது கை ஓயும். கை ஓயும் நேரத்தில் கிணறு ஊறும். இரண்டு அங்குல இறைப்பு யந்திரம் மணிக்கு 20,000 லீற்றருக்கு மேல் வெளியே கொட்டும், அதற்கு ஓய்வு தேவையில்லை. கிணற்றுக்குத்தான் தேவை.

குளத்தின் உண்மையான வேலை

இந்த இடத்தில்தான் குளம் வருகிறது. குளம் என்றவுடன் தண்ணீரைச் சேமித்துவைக்கும் பாத்திரம் என்றே நாம் நினைக்கிறோம். குடாநாட்டுக்குத் தெற்கே வன்னிப் பெருநிலத்தில் அது சரி. அங்கே இரணைமடுவும் அதைப்போன்ற குளங்களும் தண்ணீரைத் தேக்கி வயலுக்கு விடுகின்றன. தீவகத்தில் பெரும்பாலான குளங்களின் கீழே வாய்க்கால் பாசனம் எதுவும் இல்லை. மார்கழியில் நிரம்பி, மாசி பங்குனியில் சேறாகி, வைகாசியில் மாடு மேயும் நிலமாகிவிடும் குளத்தைப் பார்த்து, இது பயன் இல்லாத குளம் என்று முடிவு கட்டுவோர் உண்டு. அந்த முடிவினால்தான் பல குளங்கள் குப்பை கொட்டும் இடமாகவும், பாதை போடுவோர் மண் நிரப்பும் இடமாகவும் ஆகியிருக்கின்றன.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வளவுக்குள் 20 மீற்றருக்கு 15 மீற்றர் அளவில் ஒரு குளம் இருக்கிறது என்று வையுங்கள். வெயிலும் காற்றும் சேர்ந்த காலத்தில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் தண்ணீர் ஆவியாகும் என்பது வறண்ட வலயத்துக்குப் பொருந்தும் சாதாரண அளவு. 300 சதுர மீற்றர் பரப்பில் அது நாளுக்கு 1,500 லீற்றர். ஐந்து பேர் உள்ள வீடு, ஆளுக்கு 100 லீற்றர் என்று தாராளமாகப் புழங்கினாலும் நாளுக்கு 500 லீற்றர்தான். வீடு குடிப்பதைப்போல் மூன்று மடங்கைச் சூரியன் குடித்துக்கொண்டிருக்கிறது. மாசி முதல் புரட்டாதி வரை 240 நாளுக்கு இதே வேகம் என்றால் 1.2 மீற்றர் ஆழம் வெறுமனே போய்விடும். ஒன்றரை மீற்றர் ஆழமுள்ள குளத்தில் மிஞ்சுவது முழங்காலளவும் வராது.

ஆனால் அந்தக் குளத்துத் தண்ணீர் தை முடிவதற்குள் நிலத்துக்குள் இறங்கிவிட்டால்? அப்போது சூரியன் அதைத் தொட முடியாது. மிதக்கும் நன்னீர்ப் படலம் அந்த அளவுக்குத் தடிக்கும். நீர்மட்டம் சில சென்ரிமீற்றர் உயர்ந்தாலே உப்பு பல மடங்கு கீழே தள்ளப்படும். சுண்ணக்கல் தீவில் குளத்தின் வேலை மழையை ஓடவிடாமல் பிடித்து நிலத்துக்கு ஊட்டுவது. குளம் நல்ல குளமா என்று அறிய வேண்டுமானால் ஆவணியில் அதற்குப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்க்க வேண்டும். குளத்துக்குள் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்பதைப் பார்த்து மட்டும் மதிப்பிட்டால் தவறான குளத்தைப் பாராட்டி, சரியான குளத்தை மூடிவிடுவோம்.

எல்லாக் குளமும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். களி படிந்த இடத்துக் குளம் தண்ணீரை இறங்கவிடாது. அது கால்நடைக்கும் குளிப்புக்கும் உரியது. பழைய வழியோரங்களில் மடம், கேணி, மாடு உரசிக்கொள்ளும் ஆவுரஞ்சிக்கல், சுமைதாங்கி என்று சேர்ந்தே அமைத்தவர்கள் கேணியைக் கல்லால் கட்டியது தண்ணீர் நிற்க வேண்டும் என்பதற்காக. நெடுந்தீவில் கடும் வறட்சி வந்த ஆண்டுகளில் குதிரைகள் தண்ணீரில்லாமல் செத்திருக்கின்றன. அப்படிப்பட்ட தீவில் நிற்கும் தண்ணீரின் தேவையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆக, ஒரு வளவில் குளம் வைக்க நினைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, அது நிற்கும் குளமா, இறங்கும் குளமா என்பதை. ஒரே குளத்தை இரண்டுக்கும் பாவிக்க நினைத்தால் இரண்டும் அரைகுறையாகும். இடம் இருந்தால் மேட்டுப்பக்கத்தில் இறங்கும் குளமும், களித்தரையில் சிறிதாக, ஆழமாக, நிழலோடு ஒரு நிற்கும் குளமும் வைப்பது நல்லது. நிற்கும் குளத்தின் பரப்பு குறைந்தால் ஆவியாவதும் குறையும்.

தூர்வாருதல் என்ற பெயரில் இப்போது நடப்பது பற்றி எனக்கு ஆழ்ந்த கவலை உண்டு. புலம்பெயர்ந்தவர்கள் தம் ஊர்க் குளத்துக்காக மனமுவந்து காசு அனுப்புகிறார்கள். அந்தக் காசில் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வருகிறது. இரண்டு நாளில் குளம் கிடுகிடு பள்ளமாகிறது. படம் எடுத்து அனுப்ப அது அழகாகவே இருக்கும். ஆனால் நிற்கும் குளத்தில் அடியில் இருந்த களிப் படையை வெட்டிவிட்டால் தண்ணீர் நிற்காது. இன்னும் ஆழமாகப் போனால் சவர்ப் பட்டையைத் தொட்டு, நல்ல குளம் உவர்க் குளமாகிவிடும். அதற்குப் பிறகு அந்தக் குளமே பக்கத்துக் கிணறுகளைக் கெடுக்கும் வாயாகிறது. மூன்று மாதத்து மழை அந்தத் தவறைக் கழுவ முடியாது. முன்பு கோடையில் ஊர் கூடி அள்ளியது மேலே படிந்த வண்டலை மட்டும்தான். அதை வண்டிலில் ஏற்றித் தோட்டத்துக்கும் வயலுக்கும் போட்டார்கள். மண்ணுக்கு உரம், குளத்துக்கு வாய்த் திறப்பு. இன்றும் செய்ய வேண்டியது அதுதான்: முதலில் மண்வெட்டியால் பல இடத்தில் சோதனைக் குழி போட்டு, வண்டல் எங்கே முடிகிறது, களி எங்கே தொடங்குகிறது, கல் எங்கே தட்டுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தை இறக்க வேண்டும். கூடுதல் கொள்ளளவு வேண்டுமானால் பக்கவாட்டில் விரியுங்கள்.

குளத்தைவிட அதற்கு வரும் வழி முக்கியம். தீவின் சரிவு கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியது. ஓர் அடி உயர்த்திப் போட்ட தார்ப்பாதை, மதகு இல்லாத ஒரு மதில், வெள்ள வாய்க்காலின்மேல் எழும்பிய ஒரு கடை போதும், குளத்துக்கு வர வேண்டிய வெள்ளம் வேறு வழியில் கடலுக்குப் போய்விடும். குளம் ஆண்டாண்டாகத் தூர்வாரப்பட்டும் நிரம்பாத ஊர்களில் முதலில் நடந்து பார்க்க வேண்டியது வாய்க்காலைத்தான், அதுவும் மழை கொட்டும் நேரத்தில் குடையோடு. வேலியும் இதில் பங்குகொள்ளும். பூவரசும் கிளுவையும் நட்ட உயிர்வேலி வெள்ளத்தை வடித்து மெதுவாக விடும். நெடுந்தீவின் கல்வேலிகள் சாந்தின்றி அடுக்கப்பட்டவை. அவற்றின் இடுக்கால் தண்ணீர் ஊர்ந்து போகும், மண் இந்தப் பக்கமே தங்கும். சீமெந்து மதில் இரண்டையும் செய்யாது.

வாய்க்கால் குளத்தைத் தொடும் இடத்தில் ஒரு சிறு பள்ளம் வைத்தால் மண்ணும் சருகும் அங்கேயே தங்கும், குளத்தை அள்ளுவதைவிட அந்தப் பள்ளத்தை அள்ளுவது எளிது. மாடுகள் இறங்க ஒரு பக்கத்தில் மட்டும் சரிவு விட்டு, மற்றப் பக்கங்களில் வேலி போட வேண்டும். கரை நெடுகப் பனை நின்றால் வேர் மண்ணைக் கவ்வும். தென்மேற்குப் பக்கத்தில் நெருங்க நட்டால் சோளகத்தின் வேகமும் தணியும். தாமரையும் அல்லியும் ஓரளவு இருக்கட்டும். ஆகாயத்தாமரையோ சல்வீனியாவோ ஒரு பிடி தென்பட்டாலும் அன்றே எடுத்துக் கரையில் காயப்போட வேண்டும், பிறகு முடியாது. நுளம்பு பற்றி ஒரு சொல்: டெங்கு நுளம்பு நன்னீரில்தான் பெருகும் என்ற நம்பிக்கை இனி உதவாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குகொண்டு 2011 இல் வெளிவந்த ஆய்வு, அந்த நுளம்பின் குடம்பிகள் சவர்த்தண்ணீரிலும் வளர்வதைக் காட்டியது. கைவிடப்பட்ட உவர்க் கிணறுகள் அந்த வகையிலும் ஊருக்கு ஆபத்து. மீன் உள்ள குளத்தில் இந்தத் தொல்லை குறைவு.

வளவு தாங்குமா?

தீவகத்தில் வீட்டு வளவு எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர், என்று எடுத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 2,000 சதுர மீற்றர். ஆண்டுக்கு 1,000 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்த நிலத்தில் விழுவது 20 இலட்சம் லீற்றர். அதில் கால்பங்கு கீழே இறங்கினால் 5 இலட்சம். நாளுக்கு 500 லீற்றர் வீதம் வீட்டுக்கு வேண்டியது ஆண்டுக்கு 1 இலட்சத்து 80 ஆயிரத்துச் சொச்சம். வீடு தாங்கும். ஆனால் அதே வளவில் பாதி நிலத்தில், 1,000 சதுர மீற்றரில், கோடைத் தோட்டம் செய்தால் பயிர் நாளுக்கு 5 மில்லிமீற்றர் கேட்கும், அது 5,000 லீற்றர். 120 நாள் பயிருக்கு 6 இலட்சம். தாங்காது. தீவில் தண்ணீர்த் தன்னிறைவு என்பது வீட்டுப் பாவனையால் உடைவதில்லை, கோடை இறைப்பால் உடைகிறது. மாரியை ஒட்டிக் காலபோக நெல்லும் உப்புத் தாங்கும் பனையும் தென்னையும் என்று பழைய தீவு வேளாண்மை மழையின் நாட்காட்டிக்குள் நின்றது. கோடையில் தோட்டம் வேண்டும் என்றால் சிறிதாக, சொட்டு நீரில், மூடாக்குப் போட்டு, காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்துச் செய்ய வேண்டும்.

அயல் வளவுக்காரர் என்ன செய்கிறார் என்பதும் உங்கள் கிணற்றில் எழுதப்படும். நிலத்துக்கு மேலே வேலி உண்டு, கீழே இல்லை. ஒருவர் நாள் முழுக்க மோட்டரை ஓடவிட்டால் உப்புக் கூம்பு அவர் கிணற்றோடு நிற்காது. அதேபோல் மலக்குழியும். சுண்ணக்கல்லில் வெடிப்பு வழியாகத் தண்ணீர் வேகமாக ஓடும் என்பதால், கிணற்றிலிருந்து 50 அடி தள்ளி மலக்குழி வைத்தால் போதும் என்ற வழக்கமான கணக்கை நம்பியிருக்க முடியாது. அடி அடைத்த தொட்டியே கட்ட வேண்டும். யூரியாவும் இதே வழியில்தான் நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வரும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. குடாநாட்டின் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகள் அதைத் தாண்டியவை. பால்குடிப் பிள்ளைகளுக்கு அது உயிராபத்து. கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது.

இதனால்தான் குடிக்கவும் சமைக்கவும் கூரைத் தண்ணீரைப் பிரித்துவைப்பது நல்லது என்று நினைக்கிறேன். 100 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் மாரி மூன்று மாதத்தில் 700 மில்லிமீற்றர் விழுந்து, அதில் ஐந்தில் நான்கு பங்கு பீலிக்கு வந்தால் 56,000 லீற்றர். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 50 லீற்றர், 240 நாளுக்கு 12,000 லீற்றர். இலங்கையில் 1990களின் நடுப்பகுதியில் 5,000 லீற்றர் பெரோசிமெந்துத் தொட்டிகள், அதாவது கம்பிவலையில் சீமெந்து பூசிய தொட்டிகள், பரவின. பிறகு 8,000 லீற்றர்த் தொட்டிகளும் வந்தன. 8,000 லீற்றர் என்றால் 160 நாள், யூலை நடுப்பகுதி வரை வரும். சித்திரை மழை ஒரு தரம் நிரப்பினால் அதற்கு மேலும் வரும். தீவுக்கு 12,000 என்பதே மனதுக்குத் தெம்பு தரும் அளவு. முதல் மழையைக் கூரை கழுவ விட்டு, வாயில் நுண்வலை கட்டி, வெளிச்சம் புகாமல் மூடினால் பல மாதம் கெடாது. மீதி 44,000 லீற்றரைக் கடலுக்கு அனுப்பக்கூடாது. மணலும் கரியும் சரளையும் போட்ட வடிகுழி வழியாகக் கிணற்றடியில் இறக்கலாம். முற்றத்து வெள்ளத்தை மட்டும் கிணற்றுக்குள் நேரே விடக்கூடாது. அதில் மாட்டுச் சாணியும் கோழி எச்சமும் கலந்திருக்கும். அது குளத்துக்கே போகட்டும்.

வேறு தீவுகள் சொல்வது

ஆறில்லாத இன்னொரு சுண்ணக்கல் தீவு பெர்முடா. அங்கே வீடு கட்டுவோர் கூரையின் ஐந்தில் நான்கு பங்கிலாவது மழை பிடித்து, வீட்டடியில் உள்ள தொட்டிக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய படிக்கட்டுக் கூரைகள் அந்தத் தீவின் அடையாளமே ஆகிவிட்டன. ஆனால் அங்கே மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்கிறது. தொட்டி அடிக்கடி நிரம்பும். நமக்கு ஒரு நிரப்பல்தான், அதனால் தொட்டி மட்டும் போதாது, நிலத்தடிப் படலமும் வேண்டும். பசுபிக் தீவு நாடான கிரிபாட்டியின் தராவாத் தீவில் வேறு வழி. பொன்ரிக்கி என்ற இடத்தில் ஆழக் கிணறு எதுவும் இல்லாமல், நீர்மட்டத்தை ஒட்டிக் கிடையாகத் துளைக் குழாய்களைப் புதைத்து, பரந்த இடத்திலிருந்து மெல்ல நன்னீரை வழித்தெடுக்கிறார்கள். வேலணையில் சாட்டிப் பக்கத்து மணற்பாங்கான கிணறுகளைப் போன்ற இடங்களுக்கு அது பொருந்தக்கூடிய முறை. மணலை அள்ளி விற்றுவிட்டால் அந்த வாய்ப்பும் மணலோடு போய்விடும்.

மாலைத்தீவின் தலைநகரம் மாலே தன் நிலத்தடி நன்னீரை அளவுக்கு மேல் இறைத்துத் தீர்த்தது. பிறகு முழுக்க முழுக்கக் கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலையை நம்பியது. 2014 டிசம்பர் 4 அன்று அந்த நிலையத்தில் தீப்பிடித்தபோது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் ஒரே நாளில் குடிநீர் இல்லாமல் நின்றார்கள். இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது. வடமராட்சி கிழக்கில் தாளையடிச் சுத்திகரிப்பு நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளுக்கு 24,000 கனமீற்றர். குழாய்த் தண்ணீர் நம் பெண்களின் இடுப்பிலிருந்து குடத்தை இறக்கிவைக்கும். அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் கடல்நீரில் ஒரு கனமீற்றர் நன்னீர் எடுக்க 3 முதல் 4 அலகு மின்சாரம் வேண்டும், அந்த விலை யாரோ ஒருவரின் கையில் இருக்கும். குழாய் வந்துவிட்டது என்று குளத்தையும் கிணற்றையும் கைவிட்ட ஊர், குழாய் நின்ற அன்று மாலே நின்ற இடத்தில் நிற்கும்.

கடல் உள்ளே வந்தால் என்ன செய்வது என்பதற்கும் நமக்கு ஒரு பாடம் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்குக் கரையில் கிணறுகளைத் துப்புரவு செய்கிறோம் என்று நாள்கணக்கில் இறைத்தார்கள். சில இடங்களில் அது கீழே இருந்த உப்பையும் மேலே இழுத்துவிட்டது. உப்பு ஏறிய கிணற்றில் சேற்றையும் கழிவையும் எடுத்துவிட்டு, அதிகம் இறைக்காமல் மழைக்கு விட்டுவிடுவதே நல்லது. நன்னீர் மேலிருந்து அழுத்தி அதை மெல்லத் தள்ளும். புயல் அலை தாழ்ந்த வளவுகளுக்குள் ஏறக்கூடிய நம் தீவுகளில் ஒவ்வொரு வீட்டாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விடயம் இது.

குளத்தைப் பற்றிய சட்டமும் சிலருக்குத் தெரியாது. 80 ஹெக்டேயருக்குக் குறைந்த நிலத்துக்கு நீர் தரும் சிறு குளங்கள் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றை நிரப்புவதும் அடைப்பதும் குற்றம். கமநல சேவை நிலையத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். சட்டத்தைவிடச் சிக்கலானது ஆளில்லா வளவுகள். 1990, 1991 இடப்பெயர்வில் தீவகம் ஏறக்குறைய வெறுமையானது. திரும்பியவர்கள் சிலர், கொழும்பிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் வேர்விட்டவர்கள் பலர். அவர்களின் காணிகளில் பற்றை மூடிய கிணறுகளும் தூர்ந்த வாய்க்கால்களும் கிடக்கின்றன. உரிமையாளர் இல்லாமல் யாரும் கை வைக்கத் தயங்குகிறார்கள். அந்த வாய்க்கால் அடைபட்டதால் நிரம்பாத குளம் வேறொருவருடையது, அந்தக் குளம் நிரம்பாததால் சவரான கிணறு இன்னொருவருடையது.

புலம்பெயர்ந்தவர்கள் அனுப்பும் பெருந்தொகையைவிட இந்த இடத்தில் உதவுவது ஒரு கடிதம். தன் காணிக்குள் ஓடும் வாய்க்காலின் அகலத்தையும் கிணற்றையும் ஊர்ச் சங்கம் துப்புரவு செய்துகொள்ளலாம், காணி உரிமை அதனால் மாறாது என்று கையெழுத்திட்டு, ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடம் கொடுத்தால் போதும். வேலை ஆடியில் தொடங்கினால் புரட்டாதிக்குள் முடியும். வண்டலை அள்ளக் குளம் காய்ந்திருக்கும் மாதங்களும் அவையே. ஐப்பசியில் வெள்ளம் வரும்போது ஒருவர் மண்வெட்டியோடு வாய்க்கால் நெடுகப் போய், தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே வழி மாறுகிறது என்று குறித்துவைத்தால் அடுத்த ஆண்டு எங்கே வெட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.